பன்றி முறை வருஷத்து வான்கோழி

பொன்மலை ரயில்வே காலனியில் அந்தக் காலத்தில் இரண்டு கட்சிகள் இருந்தன. காங்கிரஸையும் கழகத்தையும் சொல்லவில்லை. கிறிஸ்துமஸ் மேஜையின் நடுவில் பன்றி ரோஸ்ட்தான் இருக்க வேண்டும் என்பது ஒரு கட்சி, வான்கோழிதான் இருக்க வேண்டும் என்பது இன்னொரு கட்சி. டிசம்பர் பிறந்துவிட்டால் ஆங்கிலோ இந்தியர் வீடுகளில், எங்கள் பேச்சில் சட்டைக்காரர் வீடுகளில், இதற்காகப் புருஷனும் பெண்டாட்டியும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். நான் அவர்களுக்குக் கோட்டும் கவுனும் தைத்துக் கொடுத்த தையல்காரன் பஷீர் அகமது. பன்றி எனக்கு ஹராம், வான்கோழியை யாரும் எனக்காக ஹலால் பண்ணி அறுக்கப் போவதில்லை. ஆகவே எனக்கு எந்தக் கட்சியும் இல்லை. ஒவ்வொரு வருஷமும் ஒரு தட்டு அச்சுமுறுக்கும் ஒரு துண்டு கேக்கும் வரும். வாங்கிக்கொண்டு சலாம் வைத்துவிட்டு வந்துவிடுவேன்.

கட்சி இல்லாத இன்னொரு ஆள் தங்கையன். செந்தண்ணீர்புரத்தில் எனக்கு அடுத்த வீடு. ஹோகன் துரை வீட்டில் சமையல்காரர். ஹோகன் பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் பாய்லர் பிரிவுக்கு ஃபோர்மேன். அவர் கல்யாணமான வருஷம் தங்கையன் அந்த வீட்டு அடுப்படியில் நுழைந்தார். அப்புறம் ஹோகனின் பிள்ளைகள் பிறந்து, வளர்ந்து, ஒவ்வொருவராக லண்டனுக்குக் கப்பல் ஏறியதுவரை அவர் அந்த அடுப்பை விட்டு நகரவில்லை. கரி போட்டு எரிக்கிற பெரிய இரும்பு ஓவன் அது. அதன் முன்னால் நின்று நின்று அவருடைய இரண்டு முழங்கால்களும் போய்விட்டன. சாயங்காலம் அவர் வீடு திரும்பும்போது, நடந்து வருகிறாரா இழுத்துக்கொண்டு வருகிறாரா என்று சொல்ல முடியாது.

ஹோகன் வீட்டிலும் சண்டை உண்டு. துரை பன்றிக் கட்சி. அவருடைய அம்மா போட்டுப் பழக்கிய நாக்கு. "வான்கோழியில என்ன மேன் இருக்கு? நெஞ்சு பூரா பஞ்சு" என்பார். அவர் மனைவி மேபெல் அம்மா வான்கோழிக் கட்சி. பன்றி எந்த ஞாயிற்றுக்கிழமையும் கிடைக்கும், ஏசு பிறந்த நாளுக்கும் அதேதானா என்பது அவர் வாதம். அதுவும் போக, வான்கோழியை அறுப்பதற்கு முன்னால் அதன் வாயில் ஒரு மூடி ரம் ஊற்ற வேண்டும், அப்போதுதான் கறி மெத்தென்று வரும் என்பது அவர்கள் வழக்கம். மதுவிலக்கு நடந்த காலம். பெர்மிட்டில் வாங்கிய ரம்மை ஒரு பறவைக்கு ஊற்றுவதா என்று ஹோகன் வருஷா வருஷம் வயிறெரிவார். கடைசியில் பாதிரியார் தலையிட்டு ஓர் ஏற்பாடு செய்துவைத்தார். ஒரு வருஷம் பன்றி முறை, மறு வருஷம் வான்கோழி முறை. அந்த ஏற்பாடு பல வருஷம் பிசகாமல் நடந்தது.

இரண்டையும் சமைத்தவர் தங்கையன். இரண்டையும் ஒரு நாளும் வாயில் வைத்ததில்லை. ஆனால் பன்றி முறை வந்தால் அவர் நடையே வேறு. ஏதோ ஒரு பண்ணையிலிருந்து தோலோடு ஒரு தொடை வரும். முதல் நாளே தோலைக் கத்தியால் கீறி, உப்பைத் தேய்த்து வைத்துவிடுவார். மறுநாள் அது ஓவனிலிருந்து வெளியே வரும்போது தோல் அப்பளம்போல் பொரிந்து நிற்குமாம். சாப்பாட்டு மணி அடிப்பதற்கு முன்னால் ஹோகன் பூனைபோல் பின்வாசல் படிக்கு வருவார். தங்கையன் தோலில் ஒரு துண்டை உடைத்து அவர் கையில் கொடுப்பார். துரை அங்கேயே நின்று கடிப்பார். அந்தச் சத்தம் கேட்டால் போதும், தங்கையனுக்கு அந்த வருஷத்துச் சம்பளமே அதுதான் என்பதுபோல் முகம் மலர்ந்துவிடும்.

அதே தங்கையன் அன்றைக்கு வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே நிற்க வேண்டும். அவர் மனைவி காளியாயி ஒரு அண்டா தண்ணீரும் மாற்று வேட்டியும் வெளியே வைத்திருப்பார். தலைக்குக் குளித்த பிறகுதான் உள்ளே விடுவார். பன்றி என்ற சொல்லே அந்த வீட்டில் கிடையாது. "இன்னிக்கு அந்தச் சாமானா?" என்பார் காளியாயி. "அதேதான்" என்று சொல்லிக்கொண்டு, மார்கழிக் குளிரில் தங்கையன் பல் கிட்டக் குளிப்பார். நான் திண்டாட்டம் பிடித்த என் தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்கிப் பார்ப்பேன். அவருக்கு அடுப்பு, எனக்குக் கிறிஸ்துமஸ் தையல்; இருவருக்கும் அந்த மாதம் முழுக்க உடம்பில் அலுப்பு, சிரிக்கக்கூடத் தெம்பு இருக்காது.

அவர்களுக்கு ஒரே பெண், மாரியாயி. அவளுக்கு வந்த வரன்கள் இரண்டு, விசாரிக்கும் கட்டத்திலேயே கலைந்துபோயின. யாரும் காரணம் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. "பன்னி சமைக்கிறவன் வீட்டுப் பொண்ணு" என்று தெருக்கோடியில் யாரோ சொல்லியிருப்பார்கள். எனக்கு ஆத்திரமாக வரும். அந்த வாயெல்லாம் தங்கையன் வீட்டுக் குழம்பைக் கடன் வாங்கித் தின்ற வாய்தான்.

மூன்றாவதாக ஒரு வரன் வந்தது. அறுபதுகளின் தொடக்கம். மாப்பிள்ளை பெயர் மருதை, சொந்த ஊர் தொட்டியம், ஒர்க்‌ஷாப்பில் வேகன் பிரிவில் ஃபிட்டர். அப்பா இல்லை. தாய்மாமன் அழகிரிதான் எல்லாம். வாழைத் தோட்டம் வைத்திருந்தார். நாமம் போடாமல் வெளியே வராத மனிதர், புரட்டாசியிலும் மார்கழியிலும் கவிச்சை தொடாத குடும்பம். வருஷம் தவறாமல் வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கம் வருவார். தரகர் வந்து சொன்னார்.

"மார்கழியில பொண்ணு பாக்கறதில்லைங்க. ஆனா ஏகாதசி விரதம் இருந்து, துவாதசி அன்னிக்குப் பாரணை முடிச்சுட்டு, ஊருக்குத் திரும்பறதுக்கு முன்னால சும்மா ஒரு எட்டு எட்டிப் பாத்துட்டுப் போறேங்கறாரு. அவரு மனசுக்குப் பிடிச்சிட்டா தையில முடிஞ்சிடும்."

போகும்போது தரகர் குரலைத் தாழ்த்தினார். "அந்தச் சாமான் விஷயம் மட்டும் காதுல விழாம பாத்துக்குங்க. துரை வீட்டுல என்ன சமையல்னு கேட்டாரு. வான்கோழின்னு சொல்லி வச்சிருக்கேன்."

அந்த வருஷம் துவாதசி கிறிஸ்துமஸுக்கு முந்தின நாளில் விழுந்தது. அதாவது தொடைக்கு உப்புத் தேய்க்கிற நாள். அந்த வருஷம் பன்றி முறை.

இதோடு போகவில்லை. ஹோகன் அந்த வருஷத்தோடு ரிட்டயர் ஆகிறார், பிள்ளைகளோடு போய் இருந்துவிடலாம் என்று முடிவு செய்து பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருக்கிறார் என்பது காலனி முழுக்கத் தெரியும். பொன்மலையில் அவருக்கு அதுதான் கடைசிக் கிறிஸ்துமஸ்.

டிசம்பர் நடுவில் ஒரு நாள், துரையின் கோட்டுக்கு அளவெடுக்க பங்களாவுக்குப் போனேன். இடுப்பில் டேப்பைச் சுற்றிப் பிடித்திருக்கிறேன். மேபெல் அம்மா உள்ளேயிருந்து வந்தார். கடைசிக் கிறிஸ்துமஸ், பாதிரியார் உட்பட நிறையப் பேர் சாப்பிட வருகிறார்கள், ஒரு பெரிய வான்கோழிக்குச் சொல்லிவிட்டேன் என்றார். ஹோகனுக்கு முகம் சிவந்துவிட்டது. என் முறை, என் வீடு, என் கடைசிக் கிறிஸ்துமஸ் என்று கத்தினார். அந்த அம்மாவும் விடவில்லை. நான் டேப்பைப் பிடித்தபடி இருவருக்கும் நடுவில் மரம்போல் நின்றேன்.

"சரி, தங்கையனைக் கூப்பிடு" என்றார் ஹோகன். "சமைக்கிறவன் அவன். அவன் எதைச் சொல்றானோ அது."

அவர் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. ஜெயித்துவிட்டோம் என்ற சிரிப்பு. தங்கையன் தன் பக்கம் என்பதில் அவருக்கு அணுவளவும் சந்தேகம் இல்லை.

தங்கையன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"சொல்லு மேன். பன்னியா, வான்கோழியா?"

தங்கையன் தரையைப் பார்த்தார். அடுப்படிக் கதவைப் பார்த்தார். பிறகு, "வான்கோழி போட்டுடலாங்க, துரை" என்றார்.

என் கையிலிருந்த டேப் இளகியது. ஹோகன் அதுவரை நெஞ்சை நிமிர்த்தி, வயிற்றை எக்கிப் பிடித்து நின்றிருக்கிறார். மூச்சு அப்படியே இறங்கியது. "சரி" என்றார். "பஷீர், நீ அளவை எழுது" என்றார்.

திரும்பி வரும் வழியில் எனக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, துரைகிட்ட விஷயத்தைச் சொல்லியிருக்கலாமே. பொண்ணு கல்யாணம்னா அவரே விட்டுக் கொடுத்திருப்பாரு."

தங்கையன் நின்றார். "எப்படி பாய் சொல்றது? நீங்க ஆசையா திங்கிற பொருளால எங்களுக்கு அசிங்கமா இருக்கு, அதனால வேணாம்னா? அவர் உப்பைத் தின்னுட்டு அவர் சாப்பாட்டை அவர் மூஞ்சிக்கு நேரா கேவலம்னு சொல்லணுமா? துரோகின்னு நினைச்சாலும் நினைச்சுட்டுப் போறாரு. அது பரவால்ல."

இருவரும் ரயில்வே கேட் வரை நடந்தோம்.

வான்கோழி வந்தது. கிறிஸ்துமஸ் நெருங்கினால் காலனிப் பின்கட்டுகளில் கோழித் திருட்டு அதிகம். அதனால் தங்கையன் அதைத் தன் வீட்டுக்கே கொண்டுவந்து முருங்கை மரத்தடியில் கட்டிவைத்தார். அது திருட்டுக்குப் பயந்து செய்தது மட்டும் அல்ல என்று எனக்குத் தெரியும். அழகிரி கண்ணில் அது பட வேண்டும். சோற்று உருண்டையும் கம்பும் போட்டு, காளியாயியே அதற்குத் தண்ணீர் வைத்தார். அந்தம்மாள் வாசலில் அண்டா இல்லாத பன்றி முறை வருஷத்தை நான் அப்போதுதான் பார்த்தேன்.

துவாதசி அன்று அழகிரி வந்தார். பளிச்சென்று நாமம், தோளில் துண்டு, கையில் பிரசாதப் பொட்டலம். வாசலில் கால் வைத்ததுதான் தாமதம், முருங்கை மரத்தடியில் இருந்த பிராணி சிறகை விரித்து, வாலை விசிறியாக்கி, களகளவென்று ஒரு சத்தம் போட்டது. மனிதர் இரண்டடி பின்னால் போனார்.

"என்னங்க இது, மயிலா?"

"வான்கோழிங்க" என்றார் தங்கையன்.

அழகிரி கொஞ்சம் கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். அதன் தலையும் கழுத்தும் சிவப்பும் நீலமுமாய்க் கொப்புளம் கொப்புளமாக இருந்தன. அவர் சட்டென்று துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு கைகூப்பினார். "ஆத்தா வந்திருக்கா போல இருக்கே. வேப்பிலை கட்டலையா நீங்க?"

"அம்மை இல்லைங்க. அதுக்குப் பொறப்புலேயே அப்படித்தாங்க."

"நல்லாப் பாத்தீங்களா? அம்மை கண்டதை அறுத்தா குடும்பத்துக்கு ஆகாதுங்க."

உள்ளேயிருந்து மாரியாயி சிரித்துவிட்டாள். காளியாயி அவளைக் கிள்ளியது எனக்கு வேலிக்கு இந்தப் பக்கம் கேட்டது. அழகிரியும் சிரித்தார். கட்டிலில் உட்கார்ந்தார், தண்ணீர் குடித்தார், பெண்ணைப் பார்க்காததுபோல் பார்த்தார். கடைசியில் பேச்சோடு பேச்சாக, "துரை வீட்டுல வேற என்னவெல்லாம் சமைப்பீங்க?" என்று கேட்டார்.

தங்கையன் வான்கோழியைக் கைகாட்டினார். "இந்த வருஷம் இதுதாங்க" என்றார்.

பொய் சொல்லாமல் தப்பித்தார். அழகிரி தலையை ஆட்டினார். எழுந்து, பொட்டலத்தைக் காளியாயியிடம் கொடுத்தார். "பெருமாள் பிரசாதம். தை பொறக்கட்டும்" என்றார். அவர் தெருமுனை திரும்பும்வரை அசையாமல் நின்ற தங்கையன், பிறகு கட்டிலில் அப்படியே சாய்ந்துவிட்டார். சந்தோஷப்படக்கூட அவருக்குச் சக்தி இல்லை.

மறுநாள் கிறிஸ்துமஸ். வான்கோழி நன்றாகத்தான் வந்ததாம், பாதிரியார் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாராம். சாப்பாட்டு மணிக்கு முன்னால் ஹோகன் வழக்கம்போல் பின்வாசல் படிக்கு வந்தார். பழக்கத்தில் வந்துவிட்டார், வந்த பிறகுதான் ஞாபகம் வந்திருக்கிறது. திரும்பிப் போகவும் கூச்சம். தங்கையன் வான்கோழியின் தோலில் ஒரு துண்டைக் கிள்ளிக் கொடுத்தார். துரை அதை மென்றார். சத்தம் வரவில்லை.

"பரவால்ல, தங்கையா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

இதைத் தங்கையனே என்னிடம் சொன்னார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன் பாய் என்றார்.

மாசியில் கல்யாணம் நடந்தது. ஹோகன் என் கையால் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். பந்தியில் சப்பணமிட முடியாமல் காலை நீட்டி உட்கார்ந்து, இலையில் சாம்பார் சாதத்தைக் கையால் சாப்பிட்டார். மணமேடையில் மருதை அவரைப் பார்த்துச் சிரித்தான். ஹோகன் உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். மேளச் சத்தத்துக்குக் காதைப் பொத்துவதற்குப் பதில் ஏதோ செய்கிறார் கிழவர் என்று நான் அதை விட்டுவிட்டேன்.

ஆடி மாதம் அவர்கள் புறப்பட்டார்கள். ஜங்ஷனில் பாதிக் காலனி நின்றது. தங்கையன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஹோகன் அவர் கையின் மேல் கையை வைத்து, "அங்க எவன் மேன் எனக்குத் தோலைப் பொரிச்சுக் கொடுப்பான்?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ரயில் நகர்ந்தது. தங்கையன் கம்பியை விட மறந்து கூடவே கொஞ்ச தூரம் நொண்டிக்கொண்டு போனார்.

பங்களாவுக்கு வேறு ஆபீசர் வந்தார், சைவம். இரும்பு ஓவன் பழைய இரும்புக்காரன் வண்டியில் ஏறிப் போயிற்று. தங்கையன் தென்னூரில் ஒரு ஹோட்டலில் சேர்ந்தார். காலையிலிருந்து சாம்பார், சாயங்காலம் வரை சாம்பார். முழங்கால் வலி மட்டும் பழையபடி. "அங்க நின்னா ஒரு அர்த்தம் இருந்துச்சு பாய். இங்க சும்மா நிக்கிறேன்" என்பார். ஆனாலும் பெண் நல்ல இடத்தில் இருக்கிறாள் என்பதைச் சொல்லும்போது மட்டும் முகம் கொஞ்சம் தெளியும். அதற்காகத்தானே எல்லாம் என்பார். அதை அவர் என்னிடம் சொன்னாரா, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாரா தெரியாது.

தலை தீபாவளி வந்தது. காளியாயி ஆட்டுக்கறிக் குழம்பும் வறுவலும் வைத்து அமர்க்களப்படுத்தியிருந்தார். மாப்பிள்ளைச் சட்டைக்குக் கை நீளம் என்று அதைக் குறைத்து எடுத்துக்கொண்டு நான் போனேன். சாப்பாடு முடிந்து, மருதையும் தங்கையனும் முருங்கை மரத்தடியில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். என்னையும் உட்காரச் சொன்னார்கள்.

மருதை கொஞ்ச நேரம் நெளிந்தான். வீட்டுக்குள் ஒரு பார்வை பார்த்தான். பிறகு மெதுவாக, "மாமா, ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே? அந்தப் பன்னி ரோஸ்ட், தோல் மொறுமொறுன்னு இருக்குமே, அது இப்பவும் செய்வீங்களா?" என்றான்.

தங்கையன் அவனையே பார்த்தார். "உங்களுக்கு எப்படி மாப்ளே தெரியும்?"

"கல்யாணத்துக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, அதுக்கு முந்தின பன்னி முறையப்ப, ஒரு வேலையா என்னைப் பாய்லர் ஷாப்புக்கு அனுப்பி வச்சாங்க. கிறிஸ்துமஸ் முடிஞ்ச மறுநாளு. ஹோகன் துரை டிபன் கேரியர்ல கொண்டாந்து எல்லாருக்கும் ஒரு துண்டு கொடுத்தாரு. நான் அப்படி ஒரு சாப்பாடு சாப்பிட்டதே இல்லீங்க. யார் கைப்பக்குவம்னு கேட்டேன். உங்க பேரைச் சொன்னாரு. 'அவனுக்கு ஒரு பொண்ணு இருக்கு மேன், நல்ல குடும்பம், போய்க் கேளு'ன்னாரு."

"துரையா சொன்னாரு?"

"அவருதாங்க. நான்தான் உங்ககிட்ட சொல்லாதீங்கன்னு கேட்டுக்கிட்டேன். கறிக்கு ஆசைப்பட்டு பொண்ணு கேக்கறான்னு நீங்க நினைச்சிடுவீங்கன்னு. கல்யாணத்தன்னிக்குக்கூட வாயைத் திறக்கலை மனுஷன்."

முருங்கை இலை ஒன்று தங்கையன் மடியில் விழுந்தது. அவர் அதை எடுத்து விரலில் சுருட்டினார்.

"உங்க தாய்மாமனுக்கு இது தெரியுமா?" என்று நான் கேட்டேன். யாராவது கேட்க வேண்டுமே.

"அவர்கிட்டதான் முதல்ல சொன்னேன் பாய். 'அவங்க பொழப்புக்கு எதைச் சமைச்சா நமக்கென்ன? பொண்ணு எப்படின்னு பாத்துட்டு வரேன்'னு சொல்லிட்டுத்தான் வந்தாரு. திரும்பி வந்து அந்த வான்கோழியைப் பத்தியே பேசிட்டிருந்தாரு. அம்மை இல்லைன்னா ஏன்டா அப்படி இருக்குன்னு இன்னும் கேக்கறாரு."

மருதை சிரித்தான். நானும் ஒப்புக்குச் சிரித்தேன். உள்ளேயிருந்து மாரியாயி கூப்பிட, அவன் எழுந்து போனான்.

தெருவில் எங்கேயோ ஒரு சரவெடி வெடித்து ஓய்ந்தது. தங்கையன் என் பக்கம் திரும்பினார்.

"பாய், அன்னிக்கு நான் வான்கோழின்னு சொன்னப்போ நீங்க துரை இடுப்புல டேப் புடிச்சிருந்தீங்கள்ல?"

"ஆமா அண்ணே."

"அவரு முகத்தை நான் பாக்கலை. பாக்க முடியலை. எப்படி இருந்தாரு?"

டேப் இளகியதை நான் அவரிடம் அதுவரை சொன்னதில்லை. அன்றும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தாரு அண்ணே" என்றேன்.

அவர் நம்பவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். கட்டிலைப் பிடித்து மெல்ல எழுந்து, வாசல் பக்கம் போய், அண்டாவிலிருந்து தண்ணீர் மொண்டு தலையில் ஊற்றிக்கொள்ள ஆரம்பித்தார். காலையில்தான் எண்ணெய் தேய்த்துக் குளித்திருந்தார். காளியாயி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "என்னத்துக்கு இப்ப மறுபடியும் குளிக்கிறீங்க?" என்று கேட்டார். பன்றி சமைத்த நாளில்கூட அவர் அப்படி விடாமல் ஊற்றிக்கொண்டதில்லை.